சிவப்பு நூல் கட்டிய ஸ்டிக்

“இது வேண்டாம், நேரா இருக்கு” என்றான் கந்தவேல்.

எல்வின் காதில் சரியாகத்தான் விழுந்தது. கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்துச் சந்தில் பந்தை ஸ்டிக்கால் தட்டிக் குழியில் தள்ளி ஆடுகிற பூல் டேபிள் இரண்டு போட்டு, சுவரில் ஸ்டிக்குகளை மாட்டி விற்கிற பதினைந்து வருஷத்தில் இப்படி ஒரு ஆளை அவன் பார்த்ததில்லை. வருகிறவர்கள் எல்லாரும் ஸ்டிக்கை டேபிளில் உருட்டிப் பார்ப்பார்கள். அலுங்காமல் உருண்டால் நேர், குதித்துக் குதித்து உருண்டால் கோணல். கோணலைத் தள்ளிவிட்டு நேரானதை எடுப்பார்கள். கந்தவேல் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தான்.

இத்தனைக்கும் முதலில் நல்லதாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டான். பத்தொன்பது அவுன்ஸ் எடை, மேப்பிள் மரம், மூவாயிரத்துச் சொச்சம். மன்னவனூரில் கேரட் வியாபாரம் பார்க்கிறவனுக்கு அது கட்டும். அதற்கு மேல் போனால் வீட்டில் கேள்வி வரும். அதே மாதிரி இன்னொன்று, ஆனால் கோணலாக, அதுவும் பார்த்தால் தெரியாத கோணலாக வேண்டும் என்று கேட்டபோதுதான் எல்வினுக்கு உறுத்தியது. மலைக் குளிரில் ஈரம் ஏறி வளைந்த ஸ்டிக் ஒன்றிரண்டு மூலையில் எப்போதும் கிடக்கும். கந்தவேல் அதில் ஒன்றைத் தேடி எடுத்தான்.

“ரெண்டும் யாருக்கு?”

“ஒண்ணு எனக்கு, ஒண்ணு மனுவேலண்ணனுக்கு. ஞாயித்துக்கெழம ஆடுறோம்ல.”

எல்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுவேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருஷமாக இவனோடு ஆடுகிறார். ஒரு ஆட்டம்கூட இவன் ஜெயித்ததில்லை. எட்டு மாசத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கை விழுந்து, இப்போதுதான் தேறியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆடிப் பார்ப்பேன், கை கேட்கவில்லை என்றால் அதோடு ஸ்டிக்கைத் தொட மாட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். அந்த மனுஷனுக்கா கோணல் ஸ்டிக்?

கந்தவேல், மாறிப் போய்விடாமல் இருக்க, சாக்கு தைக்கிற சிவப்பு நூலைக் கோணல் ஸ்டிக்கின் அடியில் கட்டினான். இரண்டுக்கும் முனையில் புதுத் தோல் ஒட்டி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் எல்வினுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை. மனுவேலிடம் சொல்லிவிடலாமென்று போனை எடுப்பான், வைப்பான். உடம்பு தேறி வருகிறவரிடம் போய், உங்கள் சிநேகிதன் இப்படி என்று எந்த வாயால் சொல்வது? சனிக்கிழமை சிவப்பு நூலை அவிழ்த்து நேரான ஸ்டிக்கில் கட்டினான். அப்புறம்தான் அவனுக்குப் பசித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து மனுவேல் வந்தார். இடது கை விரல்கள் லேசாக நடுங்கின. எல்வின் இரண்டு ஸ்டிக்கையும் டேபிளில் வைத்துவிட்டு, வேடிக்கை பார்க்கத் தயாராக நின்றான்.

கந்தவேல் சிவப்பு நூல் கட்டியதைத் தான் எடுத்துக்கொண்டான். மற்றதை இரண்டு கையாலும் மனுவேலிடம் நீட்டினான்.

கோணலைத் தனக்கா வாங்கினான், கை விழுந்து எழுந்தவரிடம் தோற்றுக்கொடுக்க? நேரான ஸ்டிக்கில் வேண்டுமென்றே தப்பு விட்டால் மனுவேல் கண்டுபிடித்துவிடுவார் என்பது எல்வினுக்கு இப்போதுதான் உறைத்தது.

வாயைத் திறப்பதற்குள் மனுவேல் குனிந்துவிட்டார். ஆசையாகக் கொடுத்ததைக் கொடுத்தவன் எதிரிலேயே உருட்டிப் பார்க்க அவருக்கு மனசில்லை. பந்து குழியின் வாயிலேயே நின்றது. சின்னப் பிள்ளை தட்டினாலும் விழும். அவர் அடித்து விழவில்லை. அடுத்ததும் விழவில்லை.

மனுவேல் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஸ்டிக்கைக் கீழே வைத்தார்.

“போதும்ப்பா கந்தவேலு. கை அம்புட்டுத்தான்.”

எல்வின் பாய்ந்துபோய் அந்த ஸ்டிக்கை டேபிளில் உருட்டினான். குதித்துக் குதித்து ஓடியது.

“கைல ஒண்ணுமில்லண்ணே. ஸ்டிக்குதான் கோணல்.”

மனுவேலின் முகத்தில் உயிர் வந்தது. தானும் ஒருமுறை உருட்டிப் பார்த்தார். பிறகு கோபமும் வந்தது.

“ஏலே, எந்தப் பய இத எனக்குன்னு வச்சது?”

கந்தவேல் தன் கையிலிருந்த ஸ்டிக்கை டேபிளில் உருட்டினான், அலுங்காமல் போனது. அதிலிருந்த நூலைப் பார்த்தான். எல்வினைப் பார்த்தான்.

“நாந்தாண்ணே. ஒரு தடவையாச்சும் ஒங்கள ஜெயிச்சுப்புடலாம்னு பாத்தேன்” என்று தலையைச் சொறிந்தபடி, நேரானதை அவர் கையில் கொடுத்துவிட்டுக் கோணலைத் தான் எடுத்துக்கொண்டான் கந்தவேல்.