எண் போடாத பக்கம்

தேர்வாளர் நர்ஸின் புத்தகத்தை மூடி ஓரமாகத் தள்ளிவிட்டு, புதுப் பிரதி ஒன்றை நீட்டுகிறார். "பென்சில்ல எழுதின புத்தகம் இங்க செல்லாது மேடம்." அரை நாள் விடுப்பு போட்டு வந்திருக்கும் அவள் புதுப் பிரதியைத் திறக்கிறாள். பழைய கிரேக்க வாய்மொழித் தேர்வில் இது மூன்றாவது முயற்சி; இனி வாய்ப்பு கிடையாது. கிரேக்கச் சொற்களின் தலையில் தமிழ் வாக்கியத்துக்கு ஏற்றபடி பென்சிலால் எண் போட்டு, அந்த எண் வரிசையில் பொறுக்கித்தான் இத்தனை நாளும் வாசித்திருக்கிறாள். இடையிடையே வரும் குட்டிச் சொற்களுக்கு எண்ணே போட்டதில்லை. இந்தப் பக்கமோ ஜன்னல் வெயிலில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைக்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. "எங்கேர்ந்து சார் ஆரம்பிக்கிறது?" "எழுதினவர் ஆரம்பிச்ச இடத்துலேர்ந்து."

முதல் சொல்லில் விரலை வைத்துத் தமிழில் சொல்லத் தொடங்குகிறாள். "கப்பல்கள்..." அடுத்து, நம் 'ஓ' போல ஒரு குட்டிச் சொல். தாண்டப் போன விரல் நின்றுவிடுகிறது. "கப்பல்களோ கரைக்குத் திரும்பின." "ஆட்களோ, அந்தக் காற்றில், அந்த இருட்டில், பாறைகளுக்கு நடுவே..." சொற்கள் புத்தகத்தில் உள்ள வரிசையிலேயே வருகின்றன, வினைச்சொல் மட்டும் இன்னும் வரவில்லை. தண்ணீர் டம்ளரோடு உள்ளே வந்த அலுவலக உதவியாளர், கிரேக்கத்தில் ஒரு எழுத்தும் அறியாதவர், டம்ளரை வைக்க மறந்து நிற்கிறார். அவள் மூச்சு வாங்குகிறாள்.

"அட, ஆட்களுக்கு என்னம்மா ஆச்சு?"

"இருய்யா, சொல்லப் போறாங்க" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்கிறார் தேர்வாளர்.