நடுத்தர விலையில் ஒரு பைனாகுலர்

"குருவி பாக்க எண்டு சொல்லு பிள்ளை. வேட்டை எண்டு வாயே திறக்காதை."

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூஹே நகரில் ஒரு வேட்டைச் சாமான் கடை வாசலில் நின்று மகேந்திரராஜா மகளிடம் கெஞ்சினார். கண்ணாடிக்குப் பின்னால் பச்சை மேலங்கிகள், கத்திகள், சுவரில் ஒரு மான்கொம்பு. தெரிந்த தமிழ் முகம் ஏதும் வருகிறதா என்று தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார்.

"கடைக்காரிக்குப் பொய் சொன்னா அவ பிழையான சாமானைத்தானே தருவா அப்பா?"

மிதுசா உள்ளே போய்விட்டாள். அவரும் பின்னால் நுழைந்தார்.

மகேந்திரராஜா கோயில் நிர்வாகசபைச் செயலாளர். மச்சம் மாமிசம் தொடாதவர். ஆய்வுகூட வேலைக்கான படிப்பை மகள் முடித்தபோது, "என்ன வேணுமெண்டாலும் கேள், வாங்கித் தாறன்" என்றவர் அவரேதான். பைனாகுலர் என்றாள். குருவி பார்க்கத்தான் என்று நினைத்து அவருக்குச் சந்தோசம். அவள் வேட்டை அனுமதிச் சோதனையும் எழுதிப் பாஸ் பண்ணியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குப் பிறகு வீட்டில் ஒழுங்கான பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் சொன்ன சொல்லை மீற முடியவில்லை. கூட வந்துவிட்டார்.

கடைக்காரி யூலியா ஜெர்மனில் கேட்டாள். "எந்த நேரத்தில் பாவிக்கப் போகிறீர்கள்?"

"விடியற்காலையிலும் பொழுதுபடும்போதும். கனதூரம் நடக்க வேண்டும். நான் மூக்குக்கண்ணாடி போடுகிறவள்."

யூலியா மூன்று பைனாகுலர்களை எடுத்து வைத்தாள். மலிவானதைத் தானே ஒதுக்கினாள். "பகலில் நல்லாயிருக்கும். இருட்டத் தொடங்கினால் பால் மாதிரி மங்கிப் போகும்." விலை கூடியதையும் தள்ளி வைத்தாள். "இதைக் கழுத்தில் போட்டால் விழுத்திவிடுவேனோ என்ற பயத்திலேயே திரிவீர்கள். நடுத்தர விலையில் இருக்கிற இதுதான் உங்களுக்குச் சரி. கடை வெளிச்சத்தில் எல்லாமே நல்லாகத்தான் தெரியும். பின்பக்கம் வாருங்கள், நிழலுக்குள் பார்ப்போம்."

பின்முற்றத்துக்கு அப்பால் ஊசியிலை மரங்கள் அடர்ந்து நின்றன. மிதுசா பைனாகுலரின் ரப்பர் வளையங்களைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு ஏற்றபடி திருகி, மரங்களுக்குக் கீழே பார்த்தாள்.

"அங்க விழுந்து கிடக்கிற கொப்பில பாசி கூடத் தெரியுது அப்பா!"

மகேந்திரராஜாவால் பொறுக்க முடியவில்லை. "கொல்லுறதுக்கு இவ்வளவு வடிவாத் தெரியோணுமோ? கோயிலில ஆக்கள் கேட்டா நான் முகத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மிதுசா பைனாகுலரைக் கண்ணிலிருந்து எடுக்காமலே சொன்னாள். "நான் ஆசைக்குச் சுடப் போறேல்லை அப்பா. கிறிஸ்ரியன் எண்டு ஒருத்தர் இருக்கிறார். அவற்ற நாய் ரத்த மணத்தைப் பிடிச்சுக்கொண்டு போகும். ரோட்டில கார் அடிச்ச மான்களைத் தேடிப் போறவர். அவரோடதான் போகப் போறன்."

"தேடி?"

"அதுகள் உடன சாகாது. முறிஞ்ச காலோட காட்டுக்குள்ள போய்ப் படுத்திடும். காப்பாத்த ஏலாதெண்டால் நோவையாவது முடிச்சு வைக்கோணும். அதுக்குத்தான் துவக்கு."

மகேந்திரராஜா கொஞ்சம் இறங்கி வந்தார். "அடிச்சவன் பொலிசுக்குச் சொல்ல மாட்டானோ?"

"சொன்னா உடன போகலாம். கனபேர் நிக்கிறதே இல்லை. நாள் கணக்கா அது அப்பிடியே கிடக்கும்."

"அடிச்சிட்டு நிக்காமப் போறவன் மனுசனே?" அவருக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. யூலியாவுக்கும் விளங்கட்டும் என்று அதையே ஜெர்மனிலும் சொன்னார். "வாயில்லாத சீவன். அப்படிப்பட்டவனைப் பிடித்து உள்ளே போட வேண்டும்!"

"சரியாகச் சொன்னீர்கள்" என்றாள் யூலியா. உள்ளே தொலைபேசி அடித்தது. மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனாள்.

மிதுசா பைனாகுலரைக் கீழே இறக்கினாள்.

"அப்பா, பான் நகரத்தில கிருசாந்தி அக்கான்ர கலியாணத்துக்குப் போட்டுக் காரில திரும்பி வந்தது ஞாபகம் இருக்கே?"

"ஓம். அப்ப நீ சின்னப் பிள்ளை."

"பொழுதுபடுற நேரம். காட்டு ரோட்டில டமார் எண்டு ஒரு சத்தம். அம்மா திடுக்கிட்டு முழிச்சு என்னெண்டு கேட்டா. மரக்கொப்பு எண்டு சொன்னீங்கள்."

மகேந்திரராஜா மகள் பக்கம் திரும்பினார்.

"நீ... பின்சீற்றில நித்திரையெல்லோ?"

"இல்லை. பின்கண்ணாடியால பாத்துக்கொண்டிருந்தனான். அது எழும்பிச்சுது. பின்னங்கால் இழுபட இழுபட மரங்களுக்குள்ள போச்சுது. நீங்கள் இன்னும் வேகமாக் காரை ஓடினீங்கள்."

"அப்ப எங்கட ஜெர்மன் பாஸ்போட்டுக்கு விண்ணப்பம் போட்டிருந்த நேரம் பிள்ளை. பொலிஸ், கேஸ் எண்டு வந்திருந்தா..." பாதியில் நிறுத்திவிட்டார். சற்று முன் தான் சத்தம் போட்டுச் சொன்ன வார்த்தைகள் காதுக்குள் அப்படியே நின்றன. மகளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"தெரியும் அப்பா. அதுக்காக உங்களோட கோபமில்லை."

மகேந்திரராஜா மெல்லக் கேட்டார்.

"இவ்வளவு காலமும் ஏன் என்னட்ட ஒரு வார்த்தை கேக்கேல்லை?"

மிதுசா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டிருந்தா எனக்கும் பொய் சொல்லியிருப்பீங்கள் அப்பா. அந்தப் பொய்யைக் கேக்கத்தான் எனக்குப் பயமா இருந்தது."