தலைக்கு மேல் நாலு விரல்

கிட்ட வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்க. ஒரு கிழட்டு ஜீப்புக்குக் கூண்டு கட்டப் போய், ஒரு வெல்டர் தலையைப் பிய்த்துக்கொண்ட கதையைச் சொல்கிறேன்.

"நான் என்ன சர்க்கஸ் புலியா, கூண்டுக்குள்ள உக்காந்து போக?"

பட்டறை வாசலில் நின்று வாத்தியார் கத்தினார். மலைமேல் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு அவர் தினமும் போய்வருகிற ஜீப் பக்கத்தில் நின்றது. மேலே கித்தான் கூரை. கதவு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சங்கிலி. வெல்டர் பட்டறையைத் திறக்க வரும்போதே ஜீப் அங்கே நின்றிருந்தது. அதன் அருகில் வாத்தியாரும் அவர் மனைவியும் சண்டையைத் தொடங்கியிருந்தார்கள். இன்னும் முடிந்தபாடில்லை.

"வண்டி புரண்டா இந்தக் கித்தான் தாங்குமா?" என்றாள் மனைவி. "குடைத்துணி மாதிரி மடங்கிடும். போன மாசம் பால்காரர் ஜீப் கவுந்துச்சே, பாத்தீங்கல்ல?"

"அவன் ஓட்டுற லட்சணம் அப்படி."

"நல்லா ஓட்டுறவர்தாங்க அவரு. ஓரத்து மண்ணு சரிஞ்சா அவர் என்ன பண்ணுவாரு?"

வெல்டர் முகமூடியை நெற்றிக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு நின்றார். வெட்டுவதற்கு எடுத்துவைத்த இரும்புக் குழாய் அப்படியே கிடந்தது. வாங்கின டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

"சார், கூண்டுன்னா ஜெயில் இல்ல சார். சீட்டுக்குப் பின்னால ஒரு வளைவு, முன் கண்ணாடிக்கு மேல ஒரு வளைவு. ரெண்டையும் குறுக்குக் குழாய் போட்டுச் சேத்துட்டா, வண்டி தலைகீழா விழுந்தாலும் உள்ள இருக்கறவங்க நசுங்க மாட்டாங்க."

"அப்ப சும்மா தரைத் தகட்டுல நாலு போல்ட்டு போட்டு நிறுத்திட்டுப் போயேன். பேருக்கு இருந்துட்டுப் போகட்டும்."

"ஐயோ சார்! அந்தத் தகடு துருப்பிடிச்சு, விரல் வெச்சா உள்ள போகுது. வண்டியோட அடிச்சட்டம் இருக்கே, அந்தச் சேஸிஸ்ல காலூன்றி நின்னாத்தான் அது கூண்டு. இல்லேன்னா வண்டி கவுந்ததும் அதுதான் முதல்ல பிடுங்கிக்கிட்டுப் போகும்."

"பெல்ட்டும் போட்டுடுப்பா," என்றாள் மனைவி.

"பெல்ட் வேறயா!"

"பெல்ட் இல்லாம கூண்டு மட்டும் இருந்தா, அந்தக் குழாய்லயே தலை போய் மோதும் சார்."

"ஓகோ, ரெண்டு பேரும் பேசிவெச்சுக்கிட்டுத்தான் நிக்கறீங்களா?"

வெல்டருக்குப் பொறுமை போய்விட்டது. "உங்க நல்லதுக்குத்தானே அக்கா சொல்றாங்க? இதுல உங்களுக்கு என்ன சார் கௌரவம்?"

"கௌரவம்தான்யா! வருஷக்கணக்கா அந்த மலையில ஏறி இறங்குற வண்டி இது. மழை, மூடுபனி, கொண்டை ஊசி வளைவு, எதுக்காவது அசைஞ்சிருக்கா? ஒரு கீறல் உண்டா, பாரு. இந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கை அப்படிப்பட்ட கை. அதுக்குப் போய்க் கூண்டு கட்டினா நாலு பேர் சிரிக்க மாட்டான்?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். கணவரின் தற்பெருமை அந்தம்மாளுக்கே கூச்சமாக இருக்கிறது போலும் என்று வெல்டர் பரிதாபப்பட்டார்.

"கையில குறையே இல்ல சார். உருண்டு வர்ற பாறைக்கு அது தெரியுமா?"

"சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்," என்று நிமிர்ந்தாள் மனைவி. "முடிவாச் சொல்றேன், கேட்டுக்குங்க. கூண்டும் பெல்ட்டும் இல்லாம நாளையிலேர்ந்து இந்த வண்டி வீட்டு வாசலை விட்டு நகராது."

"நகரலேன்னா நடந்து போறேன்."

"அந்த முட்டியை வெச்சுக்கிட்டா? முனைக் கடைக்குப் போயிட்டு வந்தாலே தைலத்தைத் தேடறீங்க."

வெல்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாத்தியார் முறைத்த முறைப்பில் அதை அப்படியே விழுங்கினார்.

மனைவி அருகில் வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஏங்க, வண்டி உருண்டு உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னு வெச்சுக்குங்க. காலம்பூரா அதை நெஞ்சுல சுமக்கப்போறது யாரு? நான்தானே?"

வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி மாட்டினார்.

"சரி. கட்டித் தொலை," என்றார் வெல்டரிடம்.

எங்கே மனசு மாறிவிடப் போகிறதோ என்று வெல்டர் அளவு நாடாவோடு ஓடிவந்தார். "சீட்டுல ஏறி நிமிர்ந்து உக்காருங்க சார். தலைக்கு மேல நாலு விரல் இடம் விட்டுத்தான் குழாயை வளைக்கணும்."

வாத்தியார் முனகிக்கொண்டே ஏறி, ஸ்டீயரிங் இல்லாத பக்கம் உட்கார்ந்தார்.

"சார், உயிரை எடுக்காதீங்க! அந்தப் பக்கம் இல்ல, ஓட்டுற பக்கம்!"

"என்னை ஏன்யா அங்க தள்றே? எனக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது."

அதற்குள் அவர் மனைவி ஸ்டீயரிங்குக்குப் பின்னால் ஏறி, பழக்கதோஷத்தில் பக்கக் கண்ணாடியைத் திருப்பிச் சரிசெய்துவிட்டு, நிமிர்ந்து உட்கார்ந்தாள். "ம், எடுப்பா அளவை."

வாயைப் பிளந்து நின்ற வெல்டரின் பக்கம் சாய்ந்து வாத்தியார் முணுமுணுத்தார்: "'பொண்டாட்டி ஓட்டுறான்னு பயந்து கூண்டு கட்டிக்கிட்டான்'னு நாளைக்கு நாலு பேர் இவளைக் கேலி பண்ணுவான்யா. அதுக்குத்தான் இவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன்!"

உங்கள் வீட்டுப் படியிறங்கிப் போகிறவர்கள் எல்லாரும், போனபடியே முழுசாய்ப் படியேறி வரட்டும், என் கண்ணுகளே.