அதே தூரம், அதே எழுத்து

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, உள்ளே போகாமல் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

கட்டிய கணவரை இப்படி ஒளிந்து நின்று வேவு பார்ப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஆனால் அவரும் கம்ப்யூட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கிற ஆளில்லை. லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் தொங்கிக்கொண்டு பாட்டுப் பாடுவார். மௌஸைத் தொடச் சொன்னால் கை உதறும்.

அந்த மனிதர்தான் ஒரு நாள், கேட்காமல் கொள்ளாமல், பாதிச் சுவரை அடைக்கிற மாதிரி ஒரு ஃபோர்-கே டிவியைக் கொண்டுவந்து இறக்கினார்.

"சலுகையில வந்துச்சு. உன் கம்ப்யூட்டரயும் இதுலயே மாட்டிக்கலாம். அந்தப் பழைய மானிட்டரத் தூக்கிப் போடு."

கடைக்காரர் வந்து கேபிளைச் செருகினார். எழுத்தெல்லாம் எறும்பாக வந்தது. இந்த டிவியில் முதலில் அப்படித்தான் வரும் என்று சொல்லி, எங்கேயோ நூறு சதவீதம் என்று இருந்ததை நூற்றைம்பது ஆக்கினார். எழுத்து பெரிதாகிப் பளிச்சென்று நின்றது. மானிட்டர் மாதிரி இருக்காது, திரையின் ஓரம் கொஞ்சம் வெட்டும் என்றும் சொன்னார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று, "இன்னொரு தடவ காட்டுங்க" என்று கேட்டு மறுபடியும் பார்த்துக்கொண்டார்.

அன்றிலிருந்து அந்த டிவியில் அவர் ஒரு படம் பார்க்கவில்லை. முதல் சந்தேகம் அங்கேதான் முளைத்தது.

அடுத்தது மௌஸ். கீபோர்டை ஒட்டி வைத்துவிட்டுக் குளிக்கப் போவேன். வந்து பார்த்தால் ஒரு சாண் தள்ளி இருக்கும். திரையில் ஃபைல்கள் இடம் மாறியிருக்கும். கீழே கடைசியாக இருந்தது அடுத்த வரிசைக்கு ஏறியிருக்கும். கேட்டால், "ஓரம் வெட்டும்னு கடைக்காரர் சொன்னாரே" என்பார். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல மாட்டார்.

தங்கைக்கு ஃபோன் போட்டேன். "அக்கா, மாமா உன் மெயிலப் படிக்கிறாரு. நீ எதையோ மறைக்கிறேன்னு மோப்பம் பிடிச்சிட்டாரு."

நான் மறைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குப் பள்ளிப் புத்தகங்களுக்கு மெய்ப்புத் திருத்துகிற வேலை. ஒரு புத்தகத்தில் பெரிய தலைப்பிலேயே ஒரு புள்ளி விட்டுப்போனது. பதிப்பகத்தில் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யாருக்கும் சொல்லாமல் கண் டாக்டரிடம் போனேன். நரம்பு தேய்கிறது, இதோடு நின்றாலும் நிற்கலாம், வேகமாகப் போனாலும் போகலாம் என்றார்.

"தினமும் ஒரே தூரத்துல உக்காந்து ஒரே எழுத்தப் படிங்க. என்னிக்கு மங்குதோ அன்னிக்கே ஓடி வந்துடுங்க. தள்ளிப்போட்டா, போன பார்வை திரும்பாது."

வீட்டில் சொல்லவில்லை. இவர் வாயில் எதுவும் தங்காது. எனக்குத் தலைவலி என்றாலே நாத்தனார்கள் வரிசையாக ஃபோனில் வருவார்கள். சேதி பதிப்பகத்துக்குப் போய்விட்டால்? கண் போகிறவளிடம் யார் மெய்ப்புக் கொடுப்பார்கள்?

அதனால் தினமும் காலையில், நாற்காலியின் முன்கால்களை அதே டைல்ஸ் கோட்டில் வைத்து, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு திரையில் உள்ள ஃபைல் பெயர்களைப் படிப்பேன். பிறகு அடுத்த கண். போன மாதம் தெரிந்தது. நேற்றுத் தெரிந்தது. இன்றும் தெரிந்தது. டாக்டர் சும்மா பயமுறுத்திவிட்டார் என்று கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

டாக்டர் அனுப்பிய ரிப்போர்ட் என் மெயிலில்தான் இருந்தது. இந்த நேரத்தில் இவர் அதைப் பார்த்துத் தொலைத்தால் எல்லாம் கெட்டது.

குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பூனை மாதிரி வந்தார். குளியலறைப் பக்கம் ஒரு தரம் காது கொடுத்தார். குனிந்து, ஒற்றை விரலால் மௌஸைத் தட்டினார்.

மெயில் திறக்கவில்லை. வேறு ஏதோ ஒரு கட்டம் திறந்தது. அதில் ஒரு எண்ணை மாற்றினார். பின்னால் நகர்ந்து, என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று திரையைப் பார்த்தார். சரி என்பதுபோலத் தலையாட்டிக்கொண்டார்.

"என்ன பண்றீங்க?"

தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. "ஒண்ணுமில்ல. கேபிள் லூசு."

கட்டத்தை மூட மறந்துவிட்டார். கிட்டே போய்ப் பார்த்தேன். முந்நூறு சதவீதம்.

கடைக்காரர் நூற்றைம்பதில்தான் விட்டுப் போனார்.

நான் கண்ணைச் சுருக்கியபோதெல்லாம் இவர் எழுத்தை ஒரு படி பெரிதாக்கியிருக்கிறார். டிவி சலுகையில் வந்தது என்று சொன்னதுகூடப் பொய்யாகத்தான் இருக்கும். வாயில் எதுவும் தங்காத மனிதர், இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. என்னிடமும் சொல்லவில்லை.

திட்டத்தான் வாயெடுத்தேன். அழுகை வந்தது.

மௌஸை எடுத்து நூற்றைம்பதுக்கு இறக்கினேன். அதே டைல்ஸ் கோடு, அதே நாற்காலி. ஒரு கண்ணைப் பொத்தினேன். பிறகு அடுத்ததை.

ஃபைல்கள் இருந்தன. பெயர்கள் இல்லை.

"வண்டிச் சாவிய எடுங்க" என்றேன். "மங்குற அன்னிக்கே ஓடி வரச் சொன்னாரு டாக்டர். அது என்னிக்குன்னுதான் தெரியல."