கேசட்டில் யார் குரல்?

“என் குரலை அழிச்சிட்டு அவ குரலைப் போட்டு வச்சிருக்கா. இதுக்குப் பேருதான் நன்றியா?”

பேட்டையைத் தாண்டிப் பல்கலைக்கழகத்துக்குப் போய்க்கொண்டிருந்த பஸ்ஸில், பாதிப் பேர் திரும்பிப் பார்க்கும்படி கேட்டாள் இசக்கித்தாய். பைய பேசு என்று அவள் கையைப் பிடித்து அமுக்கினாள் பக்கத்தில் இருந்த ஜெபகனி.

இரண்டு பேரும் போன வருஷம்தான் எம்.ஏ. வரலாறு முடித்திருந்தார்கள். குரலை அழித்ததாகக் குற்றம் சாட்டப்படும் ஆசியா அவர்களுடைய வகுப்புத் தோழி, அறைத் தோழி. பிறவியிலேயே பார்வை கிடையாது.

அவள் தடவிப் படிக்கப் பிரெயிலில் ஒரு பாடப் புத்தகம்கூடக் கிடைக்கவில்லை. விடுதி அறையில் டேப் ரெக்கார்டரை நடுவில் வைத்து, இரண்டு வருஷப் பாடத்தையும் இசக்கிதான் வாசித்துப் பதிந்து கொடுத்தாள். வாசிக்கிறவளுக்குத் துணையாகவும், தொண்டை கட்டினால் சுக்கு வெந்நீர் கொடுக்கவும் ஜெபகனி கூடவே உட்கார்ந்திருப்பாள். ஆசியா அந்தக் கேசட்டுகளைப் போட்டுப் போட்டுக் கேட்டுப் படித்தாள். இப்போது ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். அதற்குத்தான் இன்றைக்குத் துறையில் பாராட்டுக் கூட்டம்.

அவளுக்கு வேலை கிடைத்த சேதி வந்த அன்று, நாங்குநேரியில் தன் தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தவள் இசக்கி. கோபமெல்லாம் போன வாரம் வந்ததுதான்.

இசக்கி வீட்டுக்கு அடுத்த தெருப் பாகீரதி இதே துறையில் சேர்ந்திருக்கிறாள். அவளுக்கும் பார்வை இல்லை. ஆசியா தன் கேசட்டுகளை எல்லாம் அவளுக்கு அனுப்பிவிட்டாள் என்று தெரிந்ததும் இசக்கிக்குப் பெருமை தாங்கவில்லை. நம்ம குரலை நாமளே கேட்போமே என்று பாகீரதி வீட்டுக்குப் போனாள்.

முதல் கேசட்டைப் போட்டால் ஆசியா பேசினாள். அடுத்ததிலும் ஆசியா. எதைப் போட்டாலும் ஆசியாவேதான். பிரெயிலில் எடுத்து வைத்திருந்த குறிப்புகளைத் தடவித் தடவி வாசித்து, அதே கேசட்டுகளின் மேலேயே பதிந்திருக்கிறாள். இசக்கியின் குரல் மருந்துக்குக்கூட இல்லை.

ஏதாவது காரணம் இருக்கும், தனியாக வைத்துக் கேட்போம் என்று ஜெபகனி சொல்லிப் பார்த்தாள்.

“தனியா எதுக்கு? நான் வாசிச்சுக் குடுத்தது ஊருக்கே தெரியும். ஊரறியத்தான் கேக்கப் போறேன்.”

கூட்டத்தில் துறைத் தலைவி பேசினார். யார் துணையும் இல்லாமல், தன்னந்தனியாக முன்னுக்கு வந்த மாணவி என்றார். அது போதாதா? இசக்கி எழுந்தாள்.

“மேடம், ஆசியாகிட்ட ஒண்ணு கேக்கணும்.”

அவர் தலையாட்டி முடிக்குமுன் ஆரம்பித்துவிட்டாள்.

“ஆசியா, என் குரல் உனக்கு ஞாபகம் இருக்கா?”

மேடையில் ஆசியாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. “இசக்கியா? உன் குரல் மறக்குமா, ஏட்டி?”

“அப்போ அதை ஏன் அழிச்சே? பாகீரதிக்குக் குடுத்த கேசட்டுல ஒரு வரியாவது என் குரல் இருக்கா?”

மலர்ந்த முகம் வாடியது. கூட்டம் மொத்தமும் மேடையையே பார்த்தது. ஆசியா கொஞ்சம் யோசித்துவிட்டு மைக்கைப் பக்கத்தில் இழுத்தாள்.

“என் குரல் இன்னும் தெளிவா இருக்கும்னு தோணிச்சு. அதான் அழிச்சேன்.”

கசகசவென்று பேச்சு எழுந்தது. வேலை கிடைத்ததும் தலைக்கனத்தைப் பார் என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னது மேடைவரை கேட்டது. ஆசியா அசையவில்லை. பட்டிமன்றத்தில் ஜெயித்தவள் மாதிரி இசக்கி உட்கார்ந்தாள்.

உட்கார்ந்த பிறகுதான் உறுத்தியது. ஆசியாவுக்குத் தன் குரலைக் கேட்டாலே ஆகாது. விடுதியில் விளையாட்டுக்கு அவள் பேச்சைப் பதிந்து போட்டுக் காட்டினால், தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி இருக்கு, அணைத்துத் தொலை என்று காதைப் பொத்திக்கொள்வாள். அப்படிப்பட்டவளா இத்தனை கேசட்டில் உட்கார்ந்து பேசினாள்?

கூட்டம் முடிந்ததும் ஜெபகனியை இழுத்துக்கொண்டு வராந்தாவில் ஆசியாவை மறித்தாள்.

“மேடையில நீ சொன்னது பொய். நிஜத்தைச் சொல்லாம இங்கன இருந்து உன்னை விடமாட்டேன்.”

“உன்கூட யாரு நிக்கா?”

“ஜெபகனி மட்டும்தான்.”

“அவ நிக்கட்டும். அவளுக்குத் தெரிஞ்சதுதான்.” ஆசியா கையை நீட்டி, இசக்கியின் கையைத் தேடிப் பிடித்தாள். “ஏட்டி, பாடம் வாசிக்கையில பாதியில நிறுத்திட்டு நீயும் இவளும் கதை பேசுவீங்கள்லா. ஒரு நாளாவது டேப்பை நிறுத்தினீங்களா?”

இசக்கி திரும்பி ஜெபகனியைப் பார்த்தாள்.

“ஒரு கேசட்டுல மட்டும்னா அதை மட்டும் அழிச்சிருப்பேன்,” ஆசியா குரலைத் தாழ்த்தினாள். “உங்கக்கா எதுக்காகப் புருஷன் வீட்டை விட்டு வந்தான்னு உங்க தெருவுக்கே தெரியாது. நீ எல்லாக் கேசட்டுலயும் அழுது அழுது சொல்லியிருக்கே. அதை அடுத்த தெருப் பிள்ளைக்கு நான் எப்படிட்டி போட்டுக் காட்டுவேன்?”