சொந்தப் பெயர்

"பேரு?"

மகளிர் காவல் நிலையத்தின் ரைட்டரம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

அவள் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டாள்.

ஸ்டேஷனில் சொல்வதற்கென்றே அவளிடம் பெயர்கள் இருந்தன. அவள் தொழிலில் இருக்கிற எல்லோரிடமும் இருக்கும். காவ்யா. ஸ்வேதா. ஒருமுறை பதற்றத்தில் குளியலறையில் தொங்கிய ஷாம்பு பாக்கெட்டின் பெயரையே சொல்லிவிட்டாள். அதையும் முகம் மாறாமல் எழுதிக்கொண்டார்கள்.

சொந்தப் பெயர் ஊருக்குப் போய்விடக் கூடாது. ஊரில் தங்கை இருக்கிறாள். அக்கா பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்கிறவள்.

பக்கத்தில், பெஞ்சில், அந்தப் பெண் பன் தின்றுகொண்டிருந்தாள். டீயில் தோய்த்துத் தோய்த்து, சொட்டுவதை இன்னொரு கையில் ஏந்திக்கொண்டு.

காலையில் தரகன் பொன்னுரங்கம் அவள் வீட்டில் கொண்டுவந்து விட்டுப் போன பெண். மில் வேலை என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறான். சாயங்காலத்துக்குள் தயார் பண்ணி வைக்கச் சொன்னான்.

பத்தொன்பது வயது என்றான். பெண்ணும் பத்தொன்பது என்றே ஒப்பித்தாள்.

தலை சீவிக்கொள் என்று அவள் பெண்ணிடம் சீப்பைக் கொடுத்தாள்.

பெண் கண்ணாடிப் பக்கம் போகவேயில்லை. நடுவகிடு எடுத்தாள். இரண்டாகப் பிரித்துப் பின்னினாள். நுனிகளை மேலே மடித்து, காதோரம் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ரிப்பன் இருக்காக்கா?"

பள்ளிக்கூட அவசரத்தில் தினமும் பின்னிப் பழகிய கை. அதற்குப் பொய் சொல்லத் தெரியவில்லை.

அவள் பெட்டியைத் திறந்து தேடினாள்.

வீட்டில் ரிப்பன் இல்லை. பழைய பாவாடை நாடாவை இரண்டாக வெட்டிக் கட்டிவிட்டாள். ஒரு பையை எடுத்துக்கொண்டு கதவைப் பூட்டினாள். ஆட்டோ பிடித்தாள்.

அவள் தொழிலில் யாரும் தானாக ஸ்டேஷன் படி ஏறுவதில்லை. வாடகைக்கு வீடு எடுத்தவள் யாரோ, அவள்தான் விபச்சார விடுதி நடத்துகிறவள் என்று கேஸ் எழுதிவிடுவார்கள். சட்டத்தின் கைக்கு அகப்படுகிறவள் எப்போதும் வீட்டில் இருக்கிறவள்தான். கூட்டி வந்து விட்டவன் அதற்குள் பஸ் ஏறியிருப்பான். அதனால் எந்தப் பெண் வந்து இறங்கினாலும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

போன வருஷம் பக்கத்துத் தெருக்காரி ஒருத்தி மட்டும் துணிந்து வந்து, இதே பொன்னுரங்கத்தின் மேல் புகார் கொடுத்தாள்.

பழக்கதோஷம். பொய்ப் பெயரைக் கொடுத்திருந்தாள்.

அந்தப் பெயரில் ஓர் ஆளே இல்லை என்றார் அவனுடைய வக்கீல். அவன் வெளியே வந்துவிட்டான். வந்தவன்தான் இந்தப் பெண்ணைக் கூட்டி வந்தான்.

இப்போது பஸ் ஸ்டாண்டில் வைத்து அவனைப் பிடித்துவிட்டார்களாம். பெண்ணின் அப்பா கிளம்பிவிட்டாராம். ரைட்டரம்மா போனில் பேசியதை அவள் ஒட்டுக்கேட்டிருந்தாள்.

"உன்னத்தான் கேக்கறேன். பேரு?"

"நான் சாட்சிங்களா, அக்யூஸ்ட்டுங்களா?"

"அது எனக்கே தெரியாது. இன்ஸ்பெக்டர் அம்மா வந்து சொல்லணும்."

சுற்றி வளைக்காத பதில். அவளுக்கு ரைட்டரம்மாவைப் பிடித்துப்போயிற்று.

"பாவாயி," என்றாள்.

ரைட்டரம்மா நிமிர்ந்தார்.

"சொந்தப் பேரா?"

"பொய்ப் பேரு சொல்றவ இதையா சொல்லுவா?"

ரைட்டரம்மா சிரித்துவிட்டார். எழுதினார்.

அப்பா பெயரைச் சொன்னாள். நிரந்தர விலாசம் கேட்டார்கள். தங்கை வீட்டு விலாசத்தைக் கதவு எண்ணோடு சொன்னாள். சம்மன் அங்கேதான் போகும். தங்கைதான் கையெழுத்துப் போட்டு வாங்குவாள். பிரித்தும் படிப்பாள். அவளுக்கு எல்லாவற்றையும் பிரித்துப் படிக்கிற புத்தி.

படிக்கட்டும்.

சொல்லி முடித்ததும் அவளுக்கு நன்றாகப் பசித்தது. சந்தோஷமாகக்கூட இருந்தது. ரைட்டரம்மா அந்தப் பெயரை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தபோது, இன்னொருமுறை படிக்கமாட்டாரா என்றிருந்தது.

பெண் கையிலிருந்த மிச்சப் பன்னை நீட்டினாள்.

"இந்தாங்க, பாவாயிக்கா."

ஒரு பின்னலில் நாடா அவிழ்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவள் முதலில் அதை இழுத்துக் கட்டிவிட்டாள். பிறகு பன்னை வாங்கிக்கொண்டாள்.

சோப்பு, துண்டு, மாற்று நைட்டி வைத்த பையை மடியிலிருந்து இறக்காமலே தின்றாள்.