இடது பக்கத்துப் பட்டை

"இந்த ஆளை வேலைக்கு வெச்சிருக்கீங்களே, முதல்ல உங்களைச் சொல்லணும் சார்!"

படகுத்துறையில் கால் வைத்ததுமே தையல்நாயகி பிடித்துக்கொண்டாள். அஸ்தினாபுரத்திலிருந்து மகனையும் புது மருமகளையும் கூட்டிக்கொண்டு, கேளம்பாக்கம் உப்பங்கழிக்கு மோட்டார் படகுச் சவாரி வந்தவள்.

மருமகள் சொட்டச் சொட்ட நின்றாள். பட்டுப்புடவை வேறு.

"அவளை மட்டும் அந்த ஓரத்துல உட்கார வெச்சு, தண்ணியை வாரி இறைச்சுட்டான் சார்! பிழிஞ்சா ஒரு குடம் வரும்!"

படகு முதலாளி ராஜகோபாலால் நம்ப முடியவில்லை. அவர் படகிலா? வாங்கிய புதிதில் அதன் அடியில் அவரே நீளவாக்கில் பட்டைகள் ஒட்டினார். படகு தண்ணீரை விட்டு எழும்பிப் பறந்தது. பிறகு இரண்டு பக்கவாட்டிலும் 'ஸ்பிரே ரெயில்' என்று ஆளுக்கொரு பட்டையாக மாட்டினார். மேலே ஏறப் பார்க்கிற தண்ணீரை அது மடக்கிக் கீழேயே துரத்தியது. 'நனையாமல் பறக்கலாம்' என்று போர்டே எழுதி வைத்திருக்கிறார் மனிதர்.

படகைக் கரையேற்றிக் குனிந்து பார்த்தார். வலது பக்கம் பட்டை இருந்தது. இடது பக்கம் மொட்டை. திருகாணி ஓட்டைகளை யாரோ அக்கறையாக மெழுகு வைத்து அடைத்திருந்தார்கள்.

"துளசிங்கம்! இது யார் வேலை?"

படகோட்டி தலையைச் சொறிந்தான். "நாந்தான் கழட்டினேன் சார்."

"ஏன்?"

"சும்மாதான் சார்."

"சும்மாவா? பெத்த புள்ளை மாதிரி பார்த்துப் பார்த்து மாட்டினேன்யா!"

"புள்ளை பத்திரமா ஷெட்டுல கீது சார்."

"நக்கல் வேறயா? இனிமே இந்தப் பக்கமே வராதே. கிளம்பு!"

துளசிங்கம் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

தையல்நாயகியின் சத்தம் சட்டென்று நின்றது. ராஜகோபாலைப் படகின் மறைவுக்கு அழைத்தாள்.

"அவரைக் கூப்பிடுங்க சார். கழட்டச் சொன்னதே நான்தான்."

"நீங்களா!"

"மெல்லப் பேசுங்க. கல்யாணமாகி ஒரு மாசமாச்சு. ரெண்டும் ரயில்ல போறவங்க மாதிரி ஆளுக்கொரு ஜன்னல். கலர் டிவி வாங்கி வெச்சேன். டிவியைப் பார்க்குதுங்களே தவிர, ஒண்ணை ஒண்ணு பார்க்கல. போன வாரம் தனியா இங்கே வந்தேன். கொஞ்சம்கூட நனையலையேப்பான்னேன், இந்தப் பட்டையைக் காட்டினார். அப்போ ஒரு பக்கம் மட்டும் கழட்டினா, நனையறவ மறுபக்கம் நகர்ந்துதானே ஆகணும்னேன். யார்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கினேன். பாவம், வேலை போனாலும் வாயைத் திறக்கல பாருங்க."

ராஜகோபால் எட்டிப் பார்த்தார். சவுக்குமர நிழலில் ஒரே துண்டு, அதற்குள் இரண்டு தலை. ஏதோ சொல்லி ஏதோ சிரிப்பு. அடங்குவதாக இல்லை.

அது அவருக்கும் தொற்றிக்கொண்டது.

"யோவ் துளசிங்கம், எங்கேய்யா போறே? வா, அடுத்த சவாரிக்கு ஆள் நிக்குது!"

பிறகு தையல்நாயகியிடம் திரும்பினார். "எல்லாம் சரிம்மா. உங்க பிளான்தானே? அப்புறம் எதுக்கு அந்தக் கத்து கத்தினீங்க?"

"தண்ணிக்கு அவ பாதி தூரம்தான் சார் நகர்ந்தா. மாமியார் கத்தினதும்தான் மீதி தூரம் ஓடினா, அவன்கிட்ட!"